அம்மாவுக்கு ஒரு லோயர் பெர்த்

கண் ஆபரேஷனுக்காகச் சென்னையில் தங்கை வீட்டுக்கு வந்திருந்த அம்மாவைப் பொங்கலுக்குப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போக வேண்டும். லண்டனிலிருந்து நான் கிளம்பி வந்ததே அதற்காகத்தான். அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரை உண்டு, இரண்டு முழங்காலிலும் வலி உண்டு. ஆம்னி பஸ்ஸில் ஸ்லீப்பர் கிடைக்கும். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாத்ரூம் போக வேண்டியவள், டிரைவர் எப்போது நிறுத்துவார் என்று இருட்டில் கண்விழித்துக் கிடக்க வேண்டும். பஸ் என்றாலே அம்மா மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டாள். தூத்துக்குடி வரை விமானத்தில் போகலாம்தான். பண்டிகை நேரத்து விலையைக் கேட்டதும் அம்மாவே வேண்டாம் என்றுவிட்டாள். ஆக, ரயில்.

சென்னையிலிருந்து திருநெல்வேலி சுமார் 650 கிலோமீட்டர், ஓர் இரவுத் தூரம். சாதாரண ஸ்லீப்பருக்கு நானூறு ரூபாய் சொச்சம், மூன்றாம் வகுப்பு ஏசிக்கு ஆயிரத்து நூறு ரூபாய் பக்கம். இந்தக் காசுக்குக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே ஊர் போய்ச் சேரலாம். வயதானவர்களுக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஏறிவிட்டால் போதும். ஏறுவதற்குள்தான் எல்லாப் பாடும்.

முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்பே பதிவு செய்யலாம். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாள் ஆகிவிட்டது. ஆக, பொங்கல் டிக்கெட் நவம்பர் நடுவில் திறக்கும். இந்தியாவில் காலை 8 மணி என்றால் எனக்கு நடுராத்திரி 2.30. அலாரம் வைத்து எழுந்து உட்கார்ந்தேன். ஆனால் திறந்ததும் முதலில் கொஞ்ச நேரம் ஆதார் இணைத்த கணக்குகளுக்கு மட்டும்தான் என்று அக்டோபரிலேயே விதி வந்திருந்தது. என் கணக்கில் ஆதார் இல்லை. தட்கலும் அப்படித்தான். ஆன்லைனில் எடுப்பதென்றால் 2025 ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். ஏஜென்டுகள் மொத்தமாக அள்ளுவதைத் தடுக்கக் கொண்டுவந்த விதி, தேவையானதும்கூட. ஆனால் என்னைப் போல வெளிநாட்டில் இருப்பவர்கள் உள்ளூரில் ஒரு சொந்தக்காரரை நம்பித்தான் ஆக வேண்டும். தங்கைதான் தன் கணக்கில் எடுத்துத் தந்தாள்.

இனி நான் செய்த தவறு. எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டாகப் போடச் சொல்லிவிட்டேன். வந்தது அம்மாவுக்கு அப்பர், எனக்கு சைடு அப்பர். 45 வயது தாண்டிய பெண்களுக்கும் 60 தாண்டிய ஆண்களுக்கும் லோயர் பெர்த்துக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அந்த வயதுக்காரர் தனியாகவோ, அதே தகுதியுள்ள இன்னொருவரோடோ பதிவு செய்தால்தான் அது கிடைக்கும். நான் ஆண், வயது 48. நான் கூடச் சேர்ந்ததாலேயே அம்மாவின் உரிமை போய்விட்டது. துணைக்கு ஆள் வேண்டும் என்கிற வயதில், துணையோடு வந்தால் கீழே இடமில்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பெற்றோரோடு பயணம் செய்பவர்கள் கவனத்துக்கு: அவர்கள் டிக்கெட்டைத் தனியாகப் போடுங்கள். உங்களுக்கு எந்தப் பெட்டி கிடைத்தாலும் பரவாயில்லை.

புறநகர் நிலையத்தில் ஏறினோம். பெட்டி நிற்கும் இடம் என்று பலகையில் காட்டியது ஓரிடம், பெட்டி வந்து நின்றது வேறிடம். அம்மாவால் ஓட முடியாது. கையில் கிடைத்த பெட்டியில் ஏற்றிவிட்டு, உள்ளேயே மூன்று பெட்டி நடந்தோம். கல்லூரியில் படிக்கிற ஒரு பையன் லோயர் பெர்த்தில் இருந்தான். நான் வாய் திறப்பதற்குள், "பாட்டி, நீங்க கீழ படுங்க, நான் மேல போய்க்கிறேன்" என்று எழுந்துவிட்டான். "நல்லாயிருய்யா" என்று அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இரவு முழுக்க மூன்று முறை எழுந்து போய்வந்தாள். யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

விடியற்காலையில் கழிவறையில் தண்ணீர் நின்றுவிட்டது. ரயில்வே உதவி எண்ணான 139-க்கு போன் செய்து பெட்டி எண்ணைச் சொன்னேன். அடுத்த பெரிய நிலையத்தில் குழாய் போட்டு நிரப்பினார்கள். அதுவரை நாற்பது நிமிடம், கொண்டுபோன பாட்டில் தண்ணீர்தான். முதியவர்களோடு போனால் கூடுதலாக இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டி தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே கரிசல் மண் தெரிய, அம்மா எழுந்து உட்கார்ந்துகொண்டாள். வாஞ்சி மணியாச்சியில், 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷை ரயிலில் வைத்துச் சுட்டது இங்கேதான் என்று பையனுக்குச் சொன்னாள். சின்ன வயதில் எனக்கும் இதே இடத்தில்தான் சொன்னாள். திருநெல்வேலி சேர முக்கால் மணி தாமதம். அம்மா அதைக் கவனிக்கவே இல்லை.

திரும்பும்போது நான் மட்டும், வந்தே பாரத்தில். 2023 செப்டம்பரில் தொடங்கிய ரயில் இது. காலை 6 மணியளவில் கிளம்பி மதியம் 2 மணிக்குள் எழும்பூர் சேர்ந்துவிடும். நாற்காலிதான், சாப்பாட்டோடு 1,700 ரூபாய் பக்கம். அவசரக்காரர்களுக்கு அருமையான வண்டி. ஆனால் எட்டு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டால் அம்மாவுக்குப் பாதம் வீங்கிவிடும். மணப்பாறையைக் கடக்கையில் முறுக்குக் கூடைக்காரரின் குரல் கேட்குமா என்று பார்த்தேன். வண்டி நிற்காமல் போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 58 வயது தாண்டிய பெண்களுக்குக் கட்டணத்தில் பாதி, 60 தாண்டிய ஆண்களுக்கு 40 சதவீதம் என்று இருந்த சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். எங்களால் முழுக் கட்டணம் கொடுக்க முடிகிறது. அம்மாவின் பக்கத்து வீட்டு ஆச்சி, மதுரை ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை போகிறவர், முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டே போகிறார். அந்தச் சலுகை திரும்ப வர வேண்டும்.

ஆகஸ்டில் அம்மாவுக்கு அடுத்த கண் பரிசோதனை. தங்கையிடம் தேதியைச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்குத் தனி டிக்கெட், எனக்குத் தனி டிக்கெட்.