லாக்ஸ்டன்: வேலியில்லாத வயல் பார்க்கப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன் கிராமத்துக்குப் போய், “பார்க்க ஒன்றுமே இல்லையே” என்று சலித்துத் திரும்புகிறவர்கள் உண்டு. கூரை வேய்ந்த குடிசைகள், கற்கோட்டை என்று கற்பனை செய்துகொண்டு போனால் அப்படித்தான் ஆகும். தெருவில் நிற்பவை பெரும்பாலும் செங்கல் பண்ணை வீடுகள். அவற்றின் பக்கவாட்டுச் சுவர் தெருவைப் பார்த்திருப்பதை மட்டும் கவனியுங்கள். முன்புறம் குறுகி, பின்னால் நீளமாக ஓடும் பழைய மனைகளில் வீட்டை வேறு எப்படி வைப்பது?

இங்கே பார்க்க வேண்டியது வயல். வெஸ்ட் ஃபீல்டு, மில் ஃபீல்டு, சவுத் ஃபீல்டு என்று மூன்று. ஒன்றில் இலையுதிர் காலத்தில் விதைத்த கோதுமை, அடுத்ததில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு. வருடத்துக்கு ஒரு வயலாக இது சுற்றி வரும். ஒவ்வொரு வயலுக்குள்ளும் பல விவசாயிகளின் பட்டைகள், அதாவது நீண்ட நிலத்துண்டுகள், கலந்து கிடக்கின்றன. நடுவே வேலியும் கிடையாது, வரப்பும் கிடையாது. இந்த முறையும் அதை நடத்தும் ஊர்மன்றமும் சேர்ந்து இன்றுவரை பிழைத்திருப்பதுதான் லாக்ஸ்டனின் பெருமை. மற்ற ஊர்களில் 18, 19-ஆம் நூற்றாண்டுகளின் வேலியடைப்புச் சட்டங்கள், பொது வயலைப் பிரித்துத் தனித்தனி வேலிக்குள் அடைத்தவை, இதைத் துடைத்துப் போட்டுவிட்டன.

பட்டை என்றதும் நாலு முழ அகலத்தை எதிர்பார்க்காதீர்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துண்டு நிலங்களைச் சேர்த்துப் பெரிதாக்கிவிட்டார்கள். டிராக்டரும் அறுவடை இயந்திரமும் திரும்ப இடம் வேண்டுமே. பழைய கணக்கு தெரிய வேண்டுமானால் ஏக்கரை நினைத்துக்கொள்ளுங்கள்: 220 கஜ நீளம், 22 கஜ அகலம். அந்த நீளத்துக்குத்தான் ஃபர்லாங் என்று பெயர். பழைய உழவின் மேடுபள்ளத்தைப் புல்வெளிகளில் தேட வேண்டும், அதுவும் வெயில் சாய்ந்த நேரத்தில். உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகத்தான் தெரியும். கோடுகள் லேசாக எஸ் போல வளைந்திருந்தால் அது மாட்டு ஏரின் வேலை. நீண்ட மாட்டு வரிசையைப் பட்டையின் முனையில் திருப்ப முன்கூட்டியே ஒதுங்கத் தொடங்க வேண்டும். அந்த ஒதுக்கம் மண்ணில் நின்றுவிட்டது.

ஏர் போகாத தாழ்வான ஈரப் பகுதிகளைப் புல்லாகவே விட்டிருக்கிறார்கள். ‘சைக்’ என்பார்கள். காட்டுப்பூக்கள் பார்க்க வேண்டுமானால் உலர்புல்லுக்கு அறுப்பதற்கு முன், கோடையின் முதல் பாதியில் போக வேண்டும்.

ஆனால் ஊரின் உயிர் தெரிவது நவம்பர் கடைசியில். விவசாயிகள் அடங்கிய நடுவர் குழு கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வந்து எல்லை முளைகளைச் சரிபார்க்கும். எவராவது சைக்கையோ வண்டிப்பாதையையோ சேர்த்து உழுதிருந்தால், வாய்க்காலைத் தூர் வாராமல் விட்டிருந்தால், குறித்துக்கொள்ளும். அதன்பின் கூடும் ‘கோர்ட் லீட்’ என்ற ஊர்மன்றம் தண்டம் விதிக்கும். வரப்பில்லாத ஊரில் வரப்புத் தகராறைத் தீர்க்கும் வழி இதுதான். அன்றைய நடை விவசாயிகளின் வேலை, வேடிக்கைக் காட்சி அன்று. பயிருக்குள் கால் வைக்காமல் தள்ளி நிற்பது மரியாதை.

டவ்கோட் இன் மதுக்கூடத்தை ஒட்டிய சிறு காட்சியகத்தை முதலில் பார்த்துவிடுங்கள். அதைத் தாண்டிவிட்டு வயலுக்குப் போனால் வெறும் கோதுமைதான் கண்ணில் படும். அப்போது ஊர் நிலத்தின் உடைமையாளராக இருந்த சர் வில்லியம் கோர்ட்டனுக்காக 1635-இல் மார்க் பியர்ஸ் வரைந்த நிலப்படத்தைப் பற்றியும் தெரிந்துகொண்டு போவது நல்லது. அசல் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பட்டையும் அதில் உண்டு. உழுகிறவர்களையும் அறுக்கிறவர்களையும்கூடக் குட்டியாக வரைந்திருக்கிறார்.

தேவாலயத்துக்கு வடக்கே உள்ள நார்மன் கோட்டையில் கல் எதுவும் மிஞ்சவில்லை. பெரிய மண்மேடும் அகழியும் மட்டுமே. மண் கோட்டை எப்படி எழுப்பினார்கள் என்று புரிந்துகொள்ள இது போதும், படம் பிடிக்கப் போகிறவர்களுக்கு ஏமாற்றம். தேவாலயம் திறந்திருந்தால் ஊரின் பழைய பிரபுக்களான எவரிங்ஹாம் குடும்பத்தாரின் சிலைகளில் மரத்தால் ஆனதைத் தேடிப் பாருங்கள்.

களிமண் பூமி. மழைக்கு மறுநாள் சாதாரண ஷூ போட்டுப் போனால் பத்தே நிமிடத்தில் காலுக்கு ஒரு கிலோ ஏறிவிடும். ரப்பர் பூட்ஸ்தான் சரி. ரயிலில் வருகிறவர்கள் நியூவார்க்கிலோ ரெட்ஃபர்டிலோ இறங்கி டாக்சி பிடிப்பது உத்தமம். மூன்று வயலும் நடந்து பார்க்க அரை நாளாவது ஒதுக்குங்கள். நேரம் குறைவு என்றால் கோட்டையை விட்டுவிடலாம், வயலை விடாதீர்கள்.