கையா, பெட்டியா, றோபோவா? கிளிநொச்சியிலிருந்து ஒரு கணக்கு

மருமகன் அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிறான். போன சோளகத்தில், ஆய்வுகூடத்தில் நாள் முழுக்க வளர்ப்புத் தட்டு ஊற்றிக் களைத்து வந்து விறாந்தையில் குந்தியிருந்தேன். போனை நீட்டினான். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு இயந்திரக் கை, உயிர்க்கலங்கள் நிரம்பிய பையொன்றைத் தூக்கி இன்னொரு இடத்தில் வைத்துக்கொண்டிருந்தது.

"மாமா, நீங்கள் இன்னும் கையாலதானே ஊத்துறியள்? உதை இஞ்ச கொண்டுவந்தா மகரகமைக்கு ஓடத் தேவையில்லையெல்லோ?"

பகிடிக்குக் கேட்கவில்லை. சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு தெல்லிப்பளை, மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைகளுக்கு அலைந்த வீடு இது. அதனால் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். நோயாளியின் கலத்தையே மருந்தாக்கும் ஆய்வுகூடம் ஒன்று வன்னியில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போதைக்குக் கற்பனைதான். அதில் வேலையை யாரிடம் கொடுப்பது?

மருந்து கார்-ரி (CAR-T) என்ற புற்றுநோய்ச் சிகிச்சை. நோயாளியின் குருதியிலிருந்து, நோயை எதிர்க்கும் ரி கலங்களைப் பிரித்து, வைரசு ஒன்றைக் காவியாகக் கொண்டு புதிய மரபணுவை ஏற்றி, புற்றுக்கலத்தை அடையாளம் காணப் பழக்கி, பெருக்கி, அவருக்கே திருப்பி ஏற்றுவார்கள். 2017 ஓகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கார்-ரியான கிம்ரியாவின் அப்போதைய விலை 475,000 டொலர். 2023 ஒக்ரோபரில் இந்தியா அனுமதித்த நெக்ஸ்கார்19 ஏறத்தாழ அதில் பத்திலொரு பங்குக்குக் கிடைக்கிறது.

இதில் கிருமி நீக்கம்தான் பெரிய தலையிடி. சேலைனை ஓட்டோகிளேவில் (அழுத்த நீராவிப் பாத்திரத்தில்) அவிக்கலாம். வேறு மருந்துகளை 0.2 மைக்ரோமீற்றர் வடிகட்டியில் விட்டுப் பற்றீரியாவை மறிக்கலாம். கலத்தை அவித்தால் செத்துப்போகும். வடித்தால், பற்றீரியாவை விடப் பெரியதான கலமும் வடிகட்டியிலேயே நின்றுவிடும். கடைசியில் சுத்தம் செய்ய வழியே இல்லை. தொடக்கத்திலிருந்தே அழுக்குப் படாமல் செய்ய வேண்டும். கிருமிப் பரிசோதனையின் வழமையான முறைக்கு 14 நாள் பிடிக்கும். படுக்கையில் இருக்கிறவருக்கு அந்த 14 நாள் சின்ன விஷயமில்லை.

கை

எனக்குத் தெரிந்த வேலை இது. வடிகட்டிய காற்று வரும் பாதுகாப்பு அலுமாரிக்குள் கையை விட்டு, மூடியைத் திறந்து, பிப்பெற்றால் உறிஞ்சி, மூட வேண்டும். அந்த அலுமாரிக்குள் ஒரு கனமீற்றர் காற்றில் 0.5 மைக்ரோமீற்றரும் அதற்கு மேலும் பருமனான துணிக்கைகள் 3,520 ஐத் தாண்டக்கூடாது. அலுமாரி வைத்த அறையும் அதற்கு அடுத்த தரத்தில் இருக்க வேண்டும். அங்கேதான் காசு கொட்டும். சோளகம் அடிக்கும் மாதங்களில் ஏ9 வீதியோரத்துச் செம்புழுதி எங்கள் யன்னல் சட்டத்தில் படியும் வேகம் தெரிந்தவர்களுக்கு அந்தச் செலவை விளக்கத் தேவையில்லை.

புழுதியை விட மோசமானவன் மனிதன். தோல் உதிர்கிறது, மூச்சு விடுகிறான், அவசரப்படுகிறான். பழகிய கைக்கு ஒரு பெருமையும் உண்டு: கலம் வழமையாக இல்லையென்றால் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடும். ஆனால் அந்தக் கை பழக வருடங்கள் எடுக்கும், பழகின பிறகு கனடாவுக்குப் போய்விடும். நான் பழக்கிய இரண்டு பேர் அப்படிப் போனவர்கள். குறை சொல்லவில்லை, கணக்கில் சேர்க்கிறேன்.

பெட்டி

பெட்டி என்பது எதையும் திறக்காமல் எல்லா வேலையையும் உள்ளேயே செய்யும் மூடிய இயந்திரம். இரத்ததான முகாமுக்குப் போனவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு பையில் எடுத்த குருதி, கூடவே கோத்திருக்கும் மற்றப் பைகளுக்குக் குழாய் வழியாகவே பிரிந்து போகும். செங்குழியம் ஒன்றில், திரவவிழையம் ஒன்றில். எதையும் திறப்பதில்லை, குழாயைச் சூட்டால் ஒட்டி வெட்டுவார்கள். ஜேர்மனிய மில்ரெனி நிறுவனத்தின் புரொடிஜி, சுவிஸ் லொன்சாவின் கொக்கூன் எல்லாம் இந்தப் பை வேலையைப் பெரிதாக்கியவைதான். புரொடிஜியில் சுழற்றுவது, காந்தத்தால் கலம் பிரிப்பது, சூடாக வைத்து வளர்ப்பது எல்லாம் ஒரே இயந்திரத்தில் நடக்கும். குழாய்த் தொகுதி ஒருமுறைப் பாவனை. எதுவும் திறந்த காற்றைக் காணாததால் சுற்றியுள்ள அறை அவ்வளவு உயர்தரமாக இருக்கத் தேவையில்லை.

எங்கள் ஆட்கள் ஏற்கனவே போய்வரும் வேலூர் சி.எம்.சி. இப்படியான பெட்டியைக் கொண்டு தன் வளாகத்திலேயே கார்-ரி தயாரித்துச் சோதனை நடத்தியிருக்கிறது. வைத்தியசாலையே செய்யலாம் என்பதற்கு அதை விடக் கிட்டிய சாட்சி எனக்குத் தெரியாது.

குறை இரண்டு. ஒரு நோயாளியின் கலம் ஒரு இயந்திரத்தை ஒரு கிழமைக்கு மேலாகப் பிடித்துக்கொள்ளும். அடுத்தவருக்கு இன்னொரு பெட்டி வேண்டும். குழாய்த் தொகுதியை அந்தந்தக் கம்பனியிடமே வாங்க வேண்டும். டொலர் ஏறினால் அதுவும் ஏறும்.

றோபோ

இதில் இரண்டு சாதி. செல்லாறெஸ் நிறுவனத்தின் செல் ஷட்டில் ஒரு சின்னத் தொழிற்சாலை மாதிரி. நோயாளிக்கு ஒன்று என்ற கணக்கில், மூடிய கசெற்றுகளை இயந்திரக் கை ஒவ்வொரு பகுதியாக நகர்த்தும். ஒரே நேரத்தில் 16 பேருக்கான மருந்து ஓடும். மல்ரிப்ளை லாப்ஸ் வேறு வழியில் போகிறது: ஏற்கனவே அனுமதி பெற்ற கருவிகளை அப்படியே வைத்துக்கொண்டு, மனிதக் கை செய்ததை றோபோவிடம் செய்விக்கிறது. மருந்தின் செய்முறையை மாற்றத் தேவையில்லை என்பதால் இந்தக் குறுக்குவழி எனக்குப் பிடித்திருக்கிறது.

மருமகன் நினைப்பது போல எந்த றோபோவையும் கூண்டுக்குள் விட முடியாது. ஐதரசன் பரவொட்சைட்டு ஆவி அடித்துத்தான் கூண்டைச் சுத்தம் செய்வார்கள். சாதாரண றோபோக் கையின் வர்ணமும் சீலும் அதற்குத் தாங்காது. ஸ்ரோப்லியின் ஸ்ரெரிகிளீன் போல அதற்கென்றே செய்த கை வேண்டும். ஆனால் நல்ல பக்கமும் உண்டு: மனிதன் கையுறைக்குள் கையை விட்டு வேலை செய்யும் கூண்டில் கையுறையில் விழும் ஊசித் துளைதான் ஓயாத பயம். றோபோவென்றால் கையுறையே வேண்டாம்.

பிறகென்ன தயக்கம்? நெல்லு வெட்டுற மெசினைக் கேளுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் பெரும்போக வெட்டு நேரம் எங்கள் வயலில் ஒன்று பெல்ற் அறுந்து நின்றது. சாமான் வவுனியாவிலிருந்து வர நான்கு நாள், நடுவில் மழை. றோபோக் கையின் சாமான் வவுனியாவிலிருந்தும் வராது. 16 பேரின் கலம் உள்ளே இருக்கும்போது நின்றால், 16 பேருக்கும் நின்றதுதான். பெட்டி நின்றால் ஒருவருக்கு.

கரண்டையும் மறக்கக்கூடாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் நாடே இருண்டது. ஜெனரேற்றர் தொடங்கும் சில வினாடி இடைவெளிக்கே மின்கல ஏற்பாடு வேண்டும். பெட்டிக்கு அதைக் கட்டுவது சுகம். கூண்டு, காற்றோட்டம், கை எல்லாவற்றுக்கும் கட்டுவது வேறு கதை. முடிந்த மருந்தை வைப்பதில் மட்டும் பயமில்லை. திரவ நைதரசனுக்குக் கரண்ட் தேவையில்லை, மாட்டுக்குச் சினை ஊசி போட மோட்டார் சைக்கிளில் அந்தக் கானோடு வருபவர்களை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

ஆகவே என் தெரிவு: முதலில் இரண்டு பெட்டி, அதற்குப் பழகிய மூன்று பேர். நோயாளிகள் பெட்டிக்கு வரிசையில் நிற்கும் காலம் வந்தால், அந்தப் பெட்டிகளையே இயக்கும் றோபோக் கை. பதினாறு இடத் தொழிற்சாலையைக் கொழும்பு யோசிக்கட்டும்.

மருமகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்ப றோபோ வேண்டாமோ?"

"குழாயைச் சூட்டில ஒட்டி வெட்டுற வேலை இருக்கெல்லே. அதுக்கு மட்டும் ஒரு கை செய்து காட்டு பாப்பம்."

"குழாய் என்ன விட்டம் மாமா?"

திகதி முடிந்த வெறும் பை ஒன்று குருதி வங்கியில் கேட்டிருக்கிறேன். திங்கள் தருவார்களாம்.