ராயபுரத்தில் ஒரு ரீல் மெக்கானிக்: பழைய ஆபு 6500சி சர்வீஸ் அனுபவம்

சென்னையில் பழைய தூண்டில் ரீல் வைத்திருப்பவர்களுக்கு சர்வீஸ்தான் பெரிய தலைவலி. புது ஸ்பின்னிங் ரீல் என்றால் யாராவது பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். ஆபு அம்பாசடர், பென் செனட்டர் மாதிரி பழைய ரீல், அதிலும் முந்தைய சொந்தக்காரர் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்தது என்றால், "பார்ட்ஸ் கிடைக்காது சார்" என்று திருப்பிவிடுகிறார்கள். ராயபுரத்தில் இந்த வேலையை மனசு வைத்துச் செய்கிற ஒருவர் இருக்கிறார். முன்பக்கம் லேத்துப் பட்டறை, உள்ளே ஒரு மேசை, மேலே டியூப்லைட். பெயர்ப்பலகை கிடையாது. தன் பெயரை எங்கும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் பெரியவர் என்றே எழுதுகிறேன்.

நான் கொண்டுபோனது ஒரு ஆபு அம்பாசடர் 6500சி. கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடமிருந்து வாங்கியது. விற்கும்போது "கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கு" என்றார். பெரியவர் அதை உடனே திறக்கவில்லை. முதலில் கவிழ்த்து, ராடில் பொருந்துகிற அடித்தகட்டைத் துணியால் துடைத்தார். 770903 என்று பொறித்திருந்தது. "முதல் ரெண்டு வருஷம், அடுத்த ரெண்டு மாசம். எழுபத்தேழு செப்டம்பர். சுவீடன் சரக்கு. ஆனா இடதுபக்கத் தட்டு இதோட பொறந்தது இல்ல தம்பி" என்றார். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியதும்தான் தெரிந்தது. இரண்டு தட்டுகளின் கறுப்பும் ஒன்றில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. லைனை, அதாவது தூண்டில் நரம்பை, வரிசையாகச் சுற்றும் லெவல்வைண்ட் கழற்றப்பட்டு, அந்த இடத்தில் ஒரு குறுக்குக் கம்பி. கரையிலிருந்து தூரமாக வீசுகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற மாற்றம்தான் இது. சுமை குறையும், லைன் சுற்றியிருக்கிற உருளையான ஸ்பூல் தடையில்லாமல் ஓடும். ஆனால் லைனைக் கட்டைவிரலால் ஒதுக்கி ஒதுக்கிச் சுற்ற வேண்டும். இடதுதட்டின் உள்ளே காந்தம் ஒட்டியிருந்தார்கள். அலுமினிய ஸ்பூல் காந்தத்தின் அருகே சுழலும்போது அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, தொடாமலே வேகத்தைப் பிடிக்கும். வேகம் கூடக் கூடப் பிடியும் கூடும். வீசிய வேகத்தில் ஸ்பூல் தறிகெட்டு ஓடி லைன் சிக்கு விழாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் கருத்து.

காந்தத்தை நகர்த்தும் திருகுக்காகத் தட்டில் ஒரு ஓட்டை போட்டிருந்தார்கள். "கம்பெனி ஓட்டை இல்ல, வூட்ல போட்ட ஓட்டை" என்றார். திருகு தொலைந்து ஓட்டை திறந்தே கிடந்திருக்கிறது. தட்டைக் கழற்றினால் காந்தம் முழுக்கக் கருமணல், கம்பளிப்பூச்சி மயிர் மாதிரி சிலிர்த்து நின்றது. நம் கடற்கரை மணலில் காந்தத்தைப் புரட்டினால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அது இங்கே ரீலுக்குள்ளேயே நடந்திருக்கிறது. காந்தத்தின் மேல்பூச்சு உரிந்து, துரு ஊதி, ஸ்பூலின் ஓரத்தை உரசிக்கொண்டிருந்தது. நான் மாதக்கணக்காகக் கேட்ட கரகரப்பு அதுதான். இதற்கு முன் வேறொரு கடையில் கொடுத்தபோது, பேரிங்கில் கெட்டி கிரீஸை அடைத்து "சரியாயிடுச்சு" என்று திருப்பிக் கொடுத்தார்கள். இடதுதட்டைத் திறந்தே பார்க்கவில்லை. நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

பெரியவர் அடுத்துக் கேட்டது, "எங்க போடுவீங்க?" கோவளம் கரை, சில நேரம் பழவேற்காடு முகத்துவாரம், கொடுவா மீனுக்கு என்றேன். "அப்போ லெவல்வைண்டைத் திரும்ப மாட்ட வேணாம். காந்தம் இருக்கட்டும், புதுசு போடலாம். ஓட்டைக்குப் பித்தளையில ஒரு திருகு கடைஞ்சு தர்றேன். கைப்பிடிய மட்டும் மாத்தணும்." யாரோ நீளமான கைப்பிடி ஒன்றை அரத்தால் ராவி மாட்டியிருந்தார்கள். அது ஆடி ஆடி கியர்த் தண்டின் முனையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கம்பெனி நிலைக்கே கொண்டுபோகிறேன் என்று நிற்கவில்லை, இருப்பதை அப்படியே விட்டும் தள்ளவில்லை. எந்த மாற்றம் வீசுவதற்கு உதவுகிறது, எது ரீலைத் தின்கிறது என்று பிரித்துச் சொன்னார். நான் இவரைச் சிபாரிசு செய்வது இதற்காகத்தான்.

வேலையும் சுத்தம். பித்தளைச் சட்டத்துக்கும் அலுமினியத் தட்டுக்கும் நடுவே உப்பு புகுந்து வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்தது. ஒரு திருகு இறுகிப்போய்த் திரும்பவில்லை. மல்லுக்கட்டவில்லை, எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்திருக்கிறார். ஸ்பூல் பேரிங் 623 அளவு, அதாவது உள்விட்டம் 3 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 10, தடிமன் 4. பாரிமுனை பேரிங் கடையில் கிடைக்கிற சாதாரண அளவுதான். பேரிங்கில் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு, கியருக்கு கிரீஸ், மீன் இழுக்கும்போது லைனை அளவாக விட்டுக்கொடுக்கிற டிராக் வாஷர்களுக்கு டிராக் கிரீஸ் மெலிதாக. கழற்றிய பழைய பாகங்கள் எல்லாவற்றையும் ஒரு பொட்டலத்தில் போட்டுக் கொடுத்தார், அந்தத் துருப்பிடித்த காந்தம் உட்பட.

மேசையில் இன்னொருவருடைய பென் ஜிக்மாஸ்டர் 500 இருந்தது. அதில் நியூவெல் கம்பெனியின் அலுமினிய ஸ்பூல். கையில் வாங்கியதுமே எடை குறைவு தெரிந்தது. பழைய குரோம் பூச்சு ஸ்பூலாக இருந்தால் பூச்சு உரிந்த இடத்தில் அடியிலுள்ள பித்தளையின் மஞ்சள் தெரியும், பச்சைக் களிம்பு ஏறியிருக்கும் என்று சொல்லிக் கொடுத்தார். பழைய ரீல் வாங்கப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

குறை இல்லாமல் இல்லை. சொன்ன தேதிக்கு வேலை முடியவில்லை, போனையும் எடுப்பதில்லை. பில் கிடையாது. என்னென்ன மாற்றியிருக்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதிக் கொடுத்தால், நாளை இந்த ரீல் வேறு கைக்குப் போகும்போது உதவும். கேட்டேன், சிரித்தார். நானே எழுதி பொட்டலத்துக்குள் வைத்திருக்கிறேன்.

பேரிங், காந்தம், பித்தளைத் திருகு எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய் ஆனது. கைப்பிடிக்குத் தனி. கோவளத்தில் வீசிப் பார்த்தேன், சத்தமே இல்லை, லைன் சீராகப் போகிறது. மீன் லைனை இழுத்தால் சத்தம் கொடுக்கிற கிளிக்கர் மட்டும் இன்னும் மந்தமாக இருக்கிறது. அதற்கு ஸ்பிரிங் வளைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

போகிறவர்கள் லைனை முழுக்க உருவிவிட்டு வெறும் ரீலைக் கொண்டுபோங்கள், லைனோடு போனால் வாங்க மாட்டார். காலையில் லேத்து வேலை ஓடும், நாலு மணிக்கு மேல் போனால் நின்று பேசுவார்.