மாருதி 800-இல் ஆடிய கியர் லீவர்: சரிசெய்து 26,000 கிலோமீட்டர் ஓட்டிய அனுபவம்

எங்களுடையது 2007-ஆம் வருட மாருதி 800. 796 சிசி என்ஜின், நான்கு கியர். ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்த சமயத்தில் மகள் அதில் ஓட்டிப் பழக ஆரம்பித்தாள். மூன்றாம் நாள், வீட்டுக்குப் பக்கத்துத் திருப்பத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, "அப்பா, எது ரெண்டு, எது நாலுன்னே தெரியலைங்கப்பா" என்றாள். நான் மாறி உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். எல்லாக் கியரும் ஒழுங்காக விழுந்தன. அவளுக்குப் பழக்கம் போதவில்லை என்று முதலில் நினைத்தேன்.

அப்புறம் என் கையையே கவனித்தேன். இரண்டாவது போடும்போதெல்லாம் லீவரை இடப்பக்கம் அழுத்தித் தள்ளி, அப்படியே பிடித்துக்கொண்டுதான் பின்னால் இழுக்கிறேன். அந்த அழுத்தம் இல்லாவிட்டால் நான்காவது விழுகிறது. எத்தனை வருடமாக இப்படி என்று எனக்கே தெரியாது. வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தேயத் தேய, கையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டே வந்திருக்கிறது. தினமும் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கோளாறு கடைசிவரை தெரியாமலே போய்விடும். வருடத்துக்கு ஒருமுறையாவது வேறு யாரிடமாவது வண்டியைக் கொடுத்து ஓட்டச் சொல்லிப் பாருங்கள்.

நான்காவது கியரில் வைத்து லீவரின் மேல்நுனிக் குமிழை ஆட்டிப் பார்த்தேன். மூன்று விரற்கடை அகலத்துக்கு ஆடியது. முதலில் காட்டிய மெக்கானிக், "கியர்பாக்ஸை இறக்கணுங்க, சிங்க்ரோ போயிருக்கும்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கியர் மாறும்போது பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கும் உறுப்புதான் சிங்க்ரோ. அது போனால் பெரும்பாலும் குறிப்பிட்ட கியர் போடும்போது கறகறவென்று சத்தம் வரும். இங்கே சத்தமே இல்லை. என்ஜின் நிற்கும்போது கியர் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்சைச் சந்தேகப்படலாம். என் வண்டியில் என்ஜின் ஓடினாலும் நின்றாலும் லீவர் ஒரே மாதிரி தொளதொளவென்று ஆடியது. அப்படியானால் கோளாறு லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில்தான் இருக்கவேண்டும்.

இந்த வண்டியில் கேபிள் கிடையாது. லீவருக்கு அடியிலிருந்து முன்னால் இரண்டு கம்பிகள் போகின்றன. ஒன்று கியர் மாற்றும் கம்பி. நாம் தள்ளுவதையும் திருப்புவதையும் கியர்பாக்ஸுக்குள் கொண்டுபோவது அதுதான். இன்னொன்று லீவரின் அடிப்பகுதியைக் கியர்பாக்ஸோடு பிணைத்து வைப்பது. என்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்ட்மேல் உட்கார்ந்திருப்பதால், ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் லேசாக முன்பின் அசையும். அந்த அசைவோடு லீவரும் சேர்ந்து போனால்தான் போட்ட கியர் போட்டபடி நிற்கும். இந்த இரண்டாவது கம்பியின் புஷ் (இணைப்பில் போல்ட்டைச் சுற்றி உட்காரும் வளையம்) தேய்ந்தால் ஆக்சிலேட்டரை விடும்போது லீவர் தானாக நகர்வது தெரியும். மோசமானால் கியர் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும்.

தெரிந்த லாரிப் பட்டறையில் பள்ளம் இருந்தது. வண்டியை அதன்மேல் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, என்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். பள்ளம் இல்லாதவர்கள் வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது, ஸ்டாண்டு கண்டிப்பாக வேண்டும். மகளை மேலே உட்காரவைத்து லீவரை மெதுவாக ஆட்டச் சொன்னேன். டார்ச் வெளிச்சத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. கம்பி நன்றாக நகர்கிறது, கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டு அசையவே இல்லை. கம்பி இன்னும் கொஞ்சம் போன பிறகுதான் 'டக்'கென்று தண்டு நகர்ந்தது. அந்த இடைவெளிதான் மேலே மூன்று விரற்கடையாக வந்திருக்கிறது. லீவர் நீளமானது, அதனால் கீழே சில மில்லிமீட்டர் தளர்வு இருந்தாலும் மேலே குமிழில் பல மடங்காகத் தெரியும்.

இணைப்பு போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தது. துரு இளக்கும் எண்ணெயை முந்தின இரவே அடித்து வைத்திருந்ததால் ரிங் ஸ்பேனருக்கு மசிந்தது. கழற்றித் துடைத்து விரலால் தடவினேன். போல்ட்டின் நடுவில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. உள்ளே இருந்த புஷ் இரண்டு துண்டாக உதிர்ந்தது. புஷ் மட்டும் புதிதாகப் போட்டு இதே போல்ட்டை மாட்டியிருந்தால் ஒரே மாதத்தில் பழைய கதைதான். போல்ட், நைலான் பூட்டு நட்டு, புஷ் மூன்றையும் சேர்த்தே மாற்றவேண்டும்.

இதில் நான் செய்த தவறையும் சொல்லவேண்டும். முதல் முறை கடையில் கிடைத்த மலிவு புஷ்ஷைப் போட்டு, சாதாரண கிரீஸைத் தாராளமாக அப்பினேன். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் பல வகை ரப்பர் ஊறி உப்பிவிடும். ஐந்தே மாதத்தில் பிணைப்புக் கம்பியின் புஷ் கொழகொழவென்று ஆகிவிட்டது. இரண்டாம் முறை ஒரிஜினல் புஷ் வாங்கினேன். ரப்பருக்கு சிலிகான் கிரீஸ், லீவர் குண்டு உட்காரும் இடத்துக்கு லித்தியம் கிரீஸ் என்று பிரித்துப் போட்டேன்.

லேத் பட்டறையில் ஒருவர் எல்லா இடத்துக்கும் கன்மெட்டலில் (ஒருவகை வெண்கலம்) புஷ் கடைந்து தருவதாகச் சொன்னார். கோவையில் அது ஒரு மணி நேர வேலை, பலரும் செய்கிறார்கள். ஆனால் பிணைப்புக் கம்பியில் ரப்பர் இருப்பதற்குக் காரணம் உண்டு. என்ஜினின் அதிர்வு லீவருக்கும் தரைத் தகட்டுக்கும் ஏறாமல் தடுப்பது அதுதான். கன்மெட்டல் போட்ட நண்பரின் வண்டியில் ஐடிலில் குமிழ் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. எனக்கு ரப்பர்தான் சரி.

வேலை முடிந்த மறுவாரம் வால்பாறை போனோம். ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்றிலிருந்து இரண்டு, சில இடத்தில் ஒன்று. முதல் பத்து வளைவுவரை என் கை பழையபடி இடப்பக்கம் அழுத்திக்கொண்டே இருந்தது. அதன்பிறகு இரண்டு விரலால் தள்ளினாலே போதும் என்று கைக்குத் தெரிந்தது. திரும்பி இறங்கும்போது மகள்தான் ஓட்டினாள். இரண்டாவது கியரிலேயே நிதானமாக இறங்கினாள், ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அன்று இருந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

இப்போது மூன்று வருடம், 26,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. குமிழின் ஆட்டம் ஒரு விரற்கடைக்குள்தான் இருக்கிறது. புதிதாகப் போட்டபோதும் ஏறக்குறைய அவ்வளவுதான். கடும் மழையில் தண்ணீரில் ஓட்டிய பிறகு மட்டும் ஓரிரு நாள் லீவர் சற்றுக் கனமாக இருக்கும், பிறகு சரியாகிவிடும். நட்டும் போல்ட்டும் சேரும் இடத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஆயில் மாற்றும்போதெல்லாம் அந்தக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்ப்பேன். போன மாதம் பார்த்தபோதும் நேராகவே இருந்தது. லீவருக்கு அடியில் இருக்கும் தூசு ரப்பர் மட்டும் ஓரத்தில் கிழிய ஆரம்பித்திருக்கிறது. புதியது வாங்கி வைத்துவிட்டேன், மழைக்கு முன்னால் மாட்டவேண்டும்.