மிச்சிகனா, ஒஹாயோ ஸ்டேட்டா: யாருடைய மைதானம் உண்மையில் நிரம்புகிறது?

மிச்சிகன் ரசிகருக்கும் ஒஹாயோ ஸ்டேட் ரசிகருக்கும் சண்டை போட விஷயப் பஞ்சமே வந்ததில்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு மோதும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் இந்த இரு பல்கலைக்கழகங்களும் முதலில் மோதியது 1897இல். மிச்சிகன் 34-0 என்று வென்றது. அன்று தொடங்கிய பகை இன்றும் ஆறவில்லை. ஜெயித்த கணக்கு, தோற்ற கணக்கு எல்லாம் பேசித் தீர்ந்த பிறகு கடைசியாக ஒரு கேள்வி வரும்: யாருடைய ஊரில் கூட்டம் அதிகம்?

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மிச்சிகன்தான். வாதம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த எண்ணிக்கை எதை அளக்கிறது என்று கேட்டால் ஒஹாயோக்காரர்களுக்கும் பேச நிறைய இருக்கிறது.

முதலில் மைதானங்கள். ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் அமரலாம். கொலம்பஸில் உள்ள ஒஹாயோ ஸ்டேடியத்தில் 1,02,780 பேர். ஆன் ஆர்பரின் மொத்த மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1,24,000தான். ஆட்ட நாளில் ஊரின் மக்கள்தொகைக்குக் கொஞ்சம் குறைவான ஒரு கூட்டம் ஒரே கட்டடத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. கொலம்பஸ் அப்படியல்ல. அது மாநிலத் தலைநகர், ஒன்பது லட்சம் பேர் வாழும் பெருநகரம். மைதானத்தை நிரப்ப வெளியூர்க்காரர்களை நம்பியிருக்க வேண்டிய கட்டாயம் அதற்குக் குறைவு. இந்த ஒரு விஷயத்தில் மிச்சிகனுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கத்தான் வேண்டும்.

இரண்டு மைதானங்களின் பிறப்பிலும் இந்தப் பகை கலந்திருக்கிறது. ஒஹாயோ தன் குதிரைலாட வடிவ மைதானத்தை 1922இல் கட்டி முடித்து, அக்டோபர் 21 அன்று திறப்பு விழா ஆட்டத்துக்கு மிச்சிகனை அழைத்தது. விருந்தாளி 19-0 என்று வென்றுவிட்டுப் போனார். ஐந்து ஆண்டு கழித்து ஆன் ஆர்பரில் புது மைதானம் எழுந்தபோது அர்ப்பணிப்பு ஆட்டத்துக்கு வந்தது ஒஹாயோ ஸ்டேட். இந்த முறை 21-0, அதுவும் மிச்சிகனுக்கு. இரண்டு வீட்டின் கிரகப்பிரவேசத்திலும் தோற்ற அணி ஒஹாயோ என்பதை அங்கே யாரும் விரும்பிப் பேசுவதில்லை.

மிச்சிகனின் விளையாட்டுத் துறை இயக்குநர் ஃபீல்டிங் யோஸ்ட் அப்போதே ஒரு லட்சத்துக்கு மேல் கனவு கண்டவர். அவருக்குக் கிடைத்த அனுமதி 72,000 இருக்கைகளுக்கு மட்டும். ஆனால் பின்னாளில் விரிவாக்க வசதியாக அடித்தளத்தை அகலமாகப் போட்டுவைத்தார். ஒஹாயோ மைதானம் ஒரு லட்சத்தைத் தொட்டது 2001 வாக்கில்தான். ஓடுதளத்தை அகற்றி, ஆடுகளத்தைத் தாழ்த்தி, தெற்குப் பக்கத் தற்காலிக இருக்கைகளை நிரந்தரமாக்கிய பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு. மிச்சிகனின் 1,07,601 என்பதன் கடைசி ஒன்று, பயிற்சியாளராகவும் இயக்குநராகவும் இருந்த ஃப்ரிட்ஸ் கிரிஸ்லருக்கான மரியாதை. அந்த இருக்கை எங்கே இருக்கிறது என்று சொல்வதில்லை.

இனி கூட்டக் கணக்கு. மிச்சிகனின் உச்சம் 2013 செப்டம்பர் 7, நோட்ரடேம் பல்கலைக்கழக அணிக்கு எதிராக 1,15,109. ஒஹாயோவின் உச்சம் 2016 நவம்பர் 26, மிச்சிகனுக்கு எதிராக 1,10,045. அந்த ஆட்டம் இரண்டு கூடுதல் நேரம் வரை நீண்டு 30-27 என்று ஒஹாயோ பக்கம் முடிந்தது. இருக்கை எண்ணிக்கையை விடக் கூட்டம் எப்படி அதிகமாகிறது என்று புதிதாகப் பார்ப்பவர் திகைப்பார். அறிவிக்கப்படும் கணக்கில் பார்வையாளர் மட்டும் சேர்வதில்லை; பேண்டு வாத்தியக் குழு, ஊழியர், பத்திரிகையாளர் என்று உள்ளே இருக்கும் தலைகளும் சேரும். 2010 டிசம்பரில் மிச்சிகன் ஸ்டேடியத்தில் ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஒன்று நடத்தினார்கள். அறிவித்த கூட்டம் 1,13,411. கின்னஸ் ஏற்றுக்கொண்டது 1,04,173. ஒரே மைதானம், ஒரே நாள், ஒன்பதாயிரத்துக்கும் மேல் வித்தியாசம்.

இது மிச்சிகனுக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. கல்லூரிக் கால்பந்து முழுவதிலும் அறிவிப்பது ஒன்று, வாசலில் டிக்கெட் ஸ்கேன் ஆனது வேறொன்று. 2018இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பல்கலைக்கழகங்களின் பதிவேடுகளைத் திரட்டிப் பார்த்தபோது, சராசரியாக அறிவித்த கூட்டத்தில் ஏறக்குறைய 71 சதவீதம்தான் ஸ்கேன் ஆகியிருந்தது. டிக்கெட் வாங்கியவர் வேறு, வந்தவர் வேறு என்பதற்கு இன்னும் பழைய சாட்சி கொலம்பஸிலேயே உண்டு. 1950 நவம்பரில் பனிப்புயலில் ஆடப்பட்ட ஆட்டத்தைப் பார்க்க 50,503 பேர்தான் வந்தார்கள். மிச்சிகன் ஒரு முறைகூடப் பத்து கெஜம் முன்னேறாமல், பந்தை உதைத்து உதைத்தே 9-3 என்று வென்றது. அந்தக் குளிரில் உட்கார்ந்திருந்த ஐம்பதாயிரம் பேரை நான் எந்த 1,10,000 கூட்டத்துக்கும் மேலாக மதிப்பேன்.

அதனால் இரு அணிகளும் நேருக்கு நேர் மோதும் நாளை வைத்துக் கூட்டத்தை ஒப்பிடுவதில் பயனில்லை. அன்றைக்கு எந்த மைதானமும் நிரம்பும். 2011இல் ஆன் ஆர்பரில் 1,14,132, 2013இல் 1,13,511, 2021இல் 1,11,156. கொலம்பஸில் 2022இல் 1,06,787. வேறுபாடு இருக்கைகளுடையது, ஆர்வத்துடையது அல்ல. பார்க்க வேண்டியது செப்டம்பர் மாதத்தில் பெயர் தெரியாத சிறிய கல்லூரி அணி வந்து ஐம்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றுப்போகும் நாள். அல்லது சொந்த அணியே உதவாக்கரையாக ஆடும் ஆண்டு.

இந்தச் சோதனையில் மிச்சிகனின் பெருமை பெரிது. 1975 நவம்பர் 8, பர்டூவுக்கு எதிராகத் தொடங்கி, பெருந்தொற்றால் மைதானம் மூடிக் கிடந்த 2020 தவிர, அங்கே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அறிவித்த கூட்டம் ஒரு லட்சத்துக்கு மேல்தான். 2008இல் அணி 3 வெற்றி 9 தோல்வி என்று மானம் போன ஆண்டிலும் இந்தத் தொடர் அறவில்லை. ஒஹாயோவில் எளிய எதிரி வரும் நாட்களில் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கியதுண்டு.

ஆனால் 2014ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1974 முதல் 2019 வரை நாட்டின் சராசரிக் கூட்டப் பட்டியலில் மிச்சிகன் முதலிடத்தை இழந்தது இரண்டே முறை. 1997இல் டென்னசியிடம், அடுத்த ஆண்டே மைதானத்தைப் பெரிதாக்கி மீண்டும் மேலே வந்துவிட்டது. இரண்டாவது முறை 2014இல், அதுவும் ஒஹாயோ ஸ்டேட்டிடம். ஒஹாயோவின் சராசரி 1,06,296, மிச்சிகனுடையது 1,04,909.

காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. இருவரும் மோதும் ஆட்டம் ஒற்றைப்படை ஆண்டில் ஆன் ஆர்பரிலும் இரட்டைப்படை ஆண்டில் கொலம்பஸிலும் நடக்கும். ஆக 2014இல் மிச்சிகனுக்கு ஒஹாயோ வெளியூர் ஆட்டம். நோட்ரடேமும் வெளியூர். மாநிலத்துக்குள் உள்ள பங்காளி மிச்சிகன் ஸ்டேட்டுடன் தொடர்ந்து இரண்டாவது ஆண்டாக வெளியூர். ஆக மூன்று பெரிய எதிரிகளில் ஒருவர்கூட வீட்டுக்கு வரவில்லை. முழுப் பருவ டிக்கெட் வாங்குபவர் உண்மையில் வாங்குவது அந்த ஒன்றிரண்டு நாட்களைத்தான்; மீதி ஆட்டங்கள் கூடவே ஒட்டிக்கொண்டு வருபவை. முக்கியமானதை எடுத்துவிட்டால் ஒட்டிக்கொண்டதை யார் வாங்குவார்கள்? போதாததற்கு மாணவர் டிக்கெட் விலையும் இருக்கை முறையும் மாணவர்களை எரிச்சல்படுத்தியிருந்தன. இரண்டு கோக் வாங்கினால் மினசோட்டா ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் என்று ஒரு சலுகை வெளியே வர, நாடே சிரித்தது. மிச்சிகனின் விளையாட்டுத் துறை இயக்குநர் டேவ் பிராண்டன் அக்டோபர் இறுதியில் பதவி விலகினார். அணி 5 வெற்றி 7 தோல்வியுடன் பருவத்தை முடித்தது. மறுபக்கம் ஒஹாயோ அதே ஆண்டில் தெற்குப் பக்கத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேல் இருக்கைகளைச் சேர்த்தது, அந்தப் பருவத்தின் தேசியக் கோப்பையையும் வென்றது. இவ்வளவும் கூடிவந்தும் இடைவெளி ஆயிரத்து நானூறு பேர்கூட இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஒஹாயோவுக்காக நான் வைக்கும் சாட்சி 2014 அல்ல, 2016 ஏப்ரல். பருவத்துக்கு முன்பு சொந்த வீரர்களே இரண்டாகப் பிரிந்து ஆடும் வசந்தகாலப் பயிற்சி ஆட்டத்துக்கு 1,00,189 பேர் வந்தார்கள். எதிரி இல்லை, கோப்பை இல்லை, முடிவுக்கு மதிப்பும் இல்லை. பயிற்சி ஆட்டத்துக்கு மிச்சிகன் இப்படி ஒரு கூட்டத்தைக் கண்டதில்லை. ஆன் ஆர்பரில் போவது பரம்பரைப் பழக்கம்; கொலம்பஸில் அது வெறி. எது மேல் என்று கேட்டால், நான் வெறியின் பக்கம்.

சத்தத்திலும் அந்த வேறுபாடு கேட்கும். ஆன் ஆர்பர் மைதானம் பெரும்பகுதி தரைக்குக் கீழே தோண்டப்பட்டு, தாம்பாளம் போல அகன்று கிடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இவ்வளவு பேர் இதற்குள்ளா என்று தோன்றும். எழும் கூச்சல் வானத்துக்குப் போய்விடும் என்பது நெடுநாள் புகார். 2010இல் இருபுறமும் எழுப்பிய உயர்ந்த கட்டடங்கள் அதை ஓரளவு சரிசெய்தன. கொலம்பஸில் இரண்டடுக்குச் சுவர் செங்குத்தாக நிற்கிறது. ஒரு மூலையில் ‘ஓ’ என்று தொடங்கி எழுத்து எழுத்தாக மைதானத்தைச் சுற்றி வரும் முழக்கம் அடிவயிற்றில் அதிரும். பேண்டு குழு ஆடுகளத்தில் அணிவகுத்து ‘Ohio’ என்று எழுதி, கடைசியில் ‘ஐ’ எழுத்தின் மேல் புள்ளியாக, உடலைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் பெரிய ஊதுகுழலான சூசஃபோனை வாசிக்கும் ஒரு கலைஞர் போய் நிற்பதற்கு இணையாக மிச்சிகனிடம் எதுவும் இல்லை. வீரர்கள் ஓடிவந்து பேனரைத் தொட்டுக் குதிப்பது அழகுதான், அரை நிமிடத்தில் முடிந்துவிடும். பீர் விஷயம் ஒன்றும் பெரிதல்ல: கொலம்பஸில் 2016 முதல் மைதானம் முழுவதும் விற்கிறார்கள், ஆன் ஆர்பரில் 2024 முதல்.

டெட்ராய்ட் பக்கம் கார் நிறுவன வேலைக்கு வந்திருக்கும் நம்மவர் குழந்தைகளுடன் ஒரு ஆட்டம் பார்க்க நினைத்தால் ஆன் ஆர்பரைத்தான் சொல்வேன். முக்கால் மணி நேரப் பயணம். செப்டம்பரில் சிறிய அணி வரும் சனிக்கிழமைக்கு மறுவிற்பனையில் மலிவாக டிக்கெட் கிடைக்கும். வெயிலும் இதமாக இருக்கும். சாய்வு இல்லாத பெஞ்சுகள் என்பதால் மெத்தை ஒன்று எடுத்துப் போவது நல்லது. நாட்டிலேயே இன்று அதிகம் பேர் பார்க்கும் கால்பந்து ஆட்டம் இதுதான் என்று ஒலிபெருக்கியில் நன்றி சொல்வார்கள். குழந்தைகளுக்கு அது போதும்.

பகையையே பார்க்க வேண்டும் என்றால் நவம்பர் கடைசிச் சனிக்கிழமை கொலம்பஸ். அந்த வாரம் பல்கலைக்கழக வளாகத்தில் பெயர்ப்பலகைகளில் உள்ள ‘எம்’ எழுத்தையெல்லாம் சிவப்பு நாடாவால் குறுக்கே அடித்துவைப்பார்கள். 2024இல் மிச்சிகன் 13-10 என்று வென்று நடுக்களத்தில் கொடி ஊன்றப் போக, கைகலப்பு முற்றி, போலீஸார் மிளகுத் தெளிப்பு அடிக்க வேண்டியிருந்தது. இரு பல்கலைக்கழகங்களுக்கும் தலா ஒரு லட்சம் டாலர் அபராதம். டிக்கெட் விலை கையைக் கடிக்கும், குளிர் எலும்பைத் தொடும். 2026 இரட்டைப்படை ஆண்டு, ஆட்டம் அங்கேதான். மிச்சிகனின் நிறமான நீலச் சட்டையை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.