நேரே யூசியா, கம்யூனிட்டி காலேஜ் வழியாகவா?

மகள் ஹைஸ்கூல் முடிக்கும் ஆண்டு ஏப்ரலில் எங்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. உயிரியல் படிக்க யூசி என்கிற கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகம் இடம் கொடுத்தது. அவள் ஆசைப்பட்ட டேவிஸ் வளாகம் கொடுக்கவில்லை. ரிவர்சைடிலேயே சேர்வதா, வீட்டுப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் டேவிஸுக்கு மாறுவதா? இரண்டாவதைத்தான் எடுத்தோம். இப்போது அவள் டேவிஸில் கடைசி ஆண்டு. மறுபடி கேட்டாலும் அதையே சொல்வேன்.

பணக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட், அதாவது பாடங்களை அளக்கும் ஓர் அலகு, 46 டாலர். மாறுவதற்குத் தேவையான 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். யூசியில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 14,000 டாலரைத் தாண்டும். விடுதியும் சாப்பாடும் தனி.

நேரே சேர்வதில் ஒரு பெரிய நன்மை உண்டு. ரிவர்சைடில் சேர்ந்த அவள் தோழி இரண்டாம் ஆண்டிலேயே ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் வேலை செய்தாள். என் மகளுக்கு அந்த வாய்ப்புத் தேடலே மூன்றாம் ஆண்டில்தான் தொடங்கியது. பிஎச்டி எண்ணம் உள்ள பிள்ளைகளின் வீட்டில் இதைக் கட்டாயம் பேச வேண்டும்.

எங்களைத் துணிய வைத்தது, கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசிக்கு மாறுபவர்களுக்கான டேக் என்கிற சேர்க்கை உறுதித் திட்டம். டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ஒன்றுக்கு மட்டும் செப்டம்பரில் விண்ணப்பிக்கலாம். கேட்கும் பாடங்களும் மதிப்பெண்ணும் இருந்தால் இடம் உறுதி. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ இதில் இல்லை, அங்கே போட்டிதான். ஹைஸ்கூல் மதிப்பெண்ணை மறந்து புதிதாகத் தொடங்க முடிந்தது அவளுக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் இந்த வழி பலிப்பதும் பலிக்காததும் பாட வரிசையில்தான் இருக்கிறது. இதை எந்தப் பெற்றோரிடமும் அழுத்திச் சொல்வேன். உயிரியலுக்கு மாற, பொது வேதியியல் இரண்டு செமஸ்டர், அதை முடித்த பிறகே கரிம வேதியியல் இரண்டு செமஸ்டர். ஆக நான்கு செமஸ்டரும் ஒரே சங்கிலி. முதல் கண்ணி ஒரு செமஸ்டர் தள்ளினால் கடைசிக் கண்ணி இரண்டு ஆண்டுக்குள் முடியாது. இடமாற்றச் சேர்க்கையும் பெரும்பாலும் இலையுதிர் பருவத்தில் மட்டுமே. அதனால் ஒரு செமஸ்டர் தவறினால் ஒரு முழு ஆண்டு போகும்.

எங்களுக்கு அதுதான் நடக்க இருந்தது. முதல் சந்திப்பில், எந்தப் பாடம் எடுப்பது என்று காலேஜில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர், அவளைப் பொது வேதியியலுக்கு முந்தைய ஆயத்த வேதியியல் வகுப்பில் போட்டுவிட்டார். தகுதித் தேர்வு எழுதியிருந்தால் அந்த வகுப்பே தேவைப்பட்டிருக்காது. அக்டோபரில் ஒரு ராத்திரி அசிஸ்ட் இணையதளத்தைத் திறந்து, அவள் காலேஜின் எந்தப் பாடம் டேவிஸின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று வரிவரியாகப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அப்புறம் கோடை வகுப்பில் இரண்டாம் பகுதி வேதியியலை எட்டே வாரத்தில் முடித்துச் சங்கிலியைப் பிடித்தாள். அந்தக் கோடை முழுக்க வேறு எதற்கும் நேரமில்லை. ஊருக்குப் போக எடுத்த டிக்கெட்டையும் ரத்து செய்தோம்.

அசிஸ்டில் இன்னொன்றும் கவனியுங்கள். சில தொடர் பாடங்களை முழுதாக முடித்தால்தான் கணக்கில் சேரும். பாதியில் விட்டால் அந்தப் பாதியும் பயன்படாது. கவுன்சிலரைப் பார்க்கப் போகும்போது அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் கொண்டு போங்கள்.

நான் சொல்வது உயிரியல் படித்த ஒரு பிள்ளையின் அனுபவம். கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்ற நெரிசலான துறைகளைச் சில வளாகங்கள் டேக்கில் சேர்ப்பதில்லை. அந்த ஆசை இருந்தால், நேரே கிடைத்த இடத்தை விடுவதற்கு முன் நானே இரண்டு முறை யோசித்திருப்பேன்.

டேவிஸில் முதல் குவார்ட்டர் கஷ்டமாகத்தான் இருந்தது. குவார்ட்டர் என்கிற பருவம் பத்தே வாரம். காலேஜில் வாங்கிய மதிப்பெண் சராசரியும் கூட வராது. யூனிட்டுகள் மட்டும்தான் வரும். முதல் தேர்வு முடிந்த இரவு போன் செய்து அழுதாள். ரிவர்சைடுக்கே போயிருக்கலாமோ என்று அன்று ஒரு நாள் எனக்கும் தோன்றியது. அடுத்த குவார்ட்டரில் அவள் அப்படிக் கூப்பிடவில்லை.