தரசொவா, செர்னிஷெவா?

சோவியத் ஐஸ் ஹாக்கியின் தொடக்கக் காலத்தைப் பற்றி நண்பர்கள் நடுவே பேச நேர்ந்தபோது, அனதோலி தரசொவ், அர்க்காதி செர்னிஷெவ் ஆகிய இரு பயிற்சியாளர்களில் ஒருவரையே எடுத்துக்கொள்ள நேரம் இடம் தந்தது. நான் செர்னிஷெவை எடுத்தேன். புகழை அளவாகக் கொண்டிருந்தால் தரசொவைத்தான் எடுத்திருக்க வேண்டும்.

ஆட்டக்காரர்களாக இருவரையும் எடைபோடுவதில் அதிகப் பயனில்லை. 1946 டிசம்பரில் தொடங்கிய முதல் சோவியத் தொடரில் முதல் கோலை அடித்தவர் செர்னிஷெவ். அவர் ஆடிக்கொண்டே பயிற்சியளித்த மாஸ்கோ டைனமோ அணியே பட்டத்தையும் வென்றது. அதே தொடரில் விமானப்படை அணிக்காக ஆடி அதிக கோல்கள் அடித்தவர் தரசொவ். பனிச்சறுக்குக் காலணியில் ஒருநாளும் நின்றறியாத நான் அவர்களுடைய சறுக்குத் திறனைப் பற்றித் தீர்ப்பு சொல்வது முறையாகாது.

கழக அளவில் தரசொவே மேல். அவருடைய ராணுவ அணியான சிஎஸ்கேஏ பட்டங்களை வாரிக் குவித்தது. செர்னிஷெவின் டைனமோவுக்குக் கிடைத்தவை 1947, 1954 என இரண்டே. ஆனால், கட்டாய ராணுவச் சேவையின் வழியாக நல்ல ஆட்டக்காரர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் வசதி ராணுவ அணிக்கு இருந்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பயிற்சிச் சிந்தனையிலும் தரசொவே முன்னிற்கிறார். பனி இல்லாத மாதங்களில் தரையில் கடும் உடற்பயிற்சி, தனியாளின் துணிச்சலைவிடப் பந்து மாற்றித் தரும் வேகம் (பந்து என்பது பழக்கத்தில் வந்துவிட்டது, ஆடப்படுவது தட்டையான ரப்பர் வட்டு) ஆகியவற்றை அவர் ஒரு முறையாகவே வகுத்தார்.

எனக்கு முடிவைத் தந்தது வேறொரு கேள்வி: ஒருவர் இல்லாதபோது மற்றவர் தேசிய அணியை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்? செர்னிஷெவின் பொறுப்பில் 1954இல் முதன்முறையாக உலகப் போட்டிக்குச் சென்ற அணி, ஸ்டாக்ஹோமில் கனடாவை 7–2 என வீழ்த்திப் பட்டம் பெற்றது. 1956இல் கோர்த்தினா ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றது. 1955, 1957 ஆண்டுகளில் வெள்ளி; அவற்றுள் பின்னது சொந்த ஊரான மாஸ்கோவில் நழுவவிட்டது என்பதால் அவருக்கும் குறை உண்டு. தரசொவ் தலைமையேற்ற 1958, 1959இல் வெள்ளி, 1960 ஒலிம்பிக்கில் வெண்கலம். கனடா அணிகள் அப்போது வலுவாக இருந்தன என்பது உண்மைதான். ஆயினும் தங்கம் வரவில்லை. 1961இல் திரும்பிவந்த செர்னிஷெவுக்கும் வெண்கலமே கிடைத்தது. 1963இல் அவரைத் தலைமைப் பயிற்சியாளராகவும் தரசொவைத் துணையாகவும் அமர்த்திய பிறகுதான் தொடர்ந்து ஒன்பது உலகப் பட்டங்களும், 1964, 1968, 1972 ஒலிம்பிக் தங்கங்களும் வந்தன.

அணியின் பெரும்பகுதி தரசொவின் சிஎஸ்கேஏ வீரர்கள். அவர்களை உருவாக்கியவர் அவரே. ஆனாலும் கடைசிச் சொல் செர்னிஷெவிடம் இருந்தது. 1969இல் ஒரு கோல் செல்லாது என்றதற்காக, சோவியத் தலைவர் பிரெஷ்னெவ் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்தில் அரை மணி நேரத்துக்கும் மேலாகத் தன் சிஎஸ்கேஏ அணியைக் களத்துக்கு அனுப்ப மறுத்து, மதிப்புமிகு பயிற்சியாளர் என்ற பட்டத்தையே சில காலம் இழந்தவர் தரசொவ். அத்தகைய நெருப்பை அருகில் வைத்துக்கொண்டு பத்தாண்டு அணி நடத்த நிதானமான ஒருவர் தேவைப்பட்டார் என்பது என் கணிப்பு. அறைக்குள் யார் எதை முடிவுசெய்தார்கள் என்பதைப் பதக்கப் பட்டியலை வைத்து முழுவதும் பிரித்துவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வெளியுலகின் கணக்கு வேறாக இருந்தது. 1974இல் டொராண்டோவின் ஹாக்கி புகழ்க்கூடம் தரசொவை ஏற்றது. சர்வதேசக் கூட்டமைப்பின் புகழ்க்கூடத்தில் அவர் 1997இலும் செர்னிஷெவ் 1999இலும் இடம்பெற்றனர். 1972இன் சப்போரோ ஒலிம்பிக்கோடு இருவரும் விலகிய சில வாரங்களில், புதிய பயிற்சியாளர் பொப்ரொவின் பொறுப்பில் பிராக் சென்ற அணி உலகப் பட்டத்தைச் செக்கோஸ்லோவாக்கியாவிடம் இழந்தது. அந்தச் செப்டம்பரில் கனடாவின் தொழில்முறை வீரர்களோடு எட்டு ஆட்டங்கள் நடந்தன. தரசொவ் ஆண்டுக்கணக்காக விரும்பிய மோதல் அது. அணிக்குப் பின்னால் நின்றவரோ பொப்ரொவ்.